பத்திரிகைப் பார்சலோடு வந்த நாவல்கள்

185, கிராண்ட்பாஸ் வீதி, கொழும்பு 14. என் வயதுத் தமிழ் வாசகர் பலரை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இந்த விலாசத்தைச் சொல்வார்கள். சிறுகதை எழுதியவர், கவிதை எழுதியவர், பக்கத்து வீதியில் குழாய் உடைந்ததை ஆசிரியருக்குக் கடிதமாக எழுதியவர், குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பியவர், எல்லோரும் தபாலுறையில் எழுதியது இதைத்தான். வீரகேசரி அங்கிருந்து வந்தது. எழுபதுகளில் அதே வாசலால் இன்னொன்றும் வந்தது. மலிந்த தாளில், கண்ணைப் பறிக்கும் அட்டையோடு, பஸ்ஸில் ஒரு கையால் பிடித்து வாசிக்கத் தோதான நாவல்கள். வீரகேசரி பிரசுரம் என்று பெயர்.

இந்தச் சித்திரை லீவுக்கு அவற்றில் சிலவற்றை எடுத்து மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். எங்களுக்குக் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் என்று மூன்று லீவு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டி வேறு கணக்கு. ஆனாலும் கொழும்பில் வெயில் மண்டையைப் பிளக்கும் மாதம் ஏப்ரல்தான். புது வருடத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட, ஆமர் வீதிச் சந்தியில் நின்றால் பஸ் சத்தம்கூடக் குறைந்திருக்கும். வாசிப்பதற்கு அதைவிட நல்ல பத்து நாள் இந்த நகரத்தில் கிடைக்காது. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு வாசிப்புப் பட்டியல் எழுதிக் கொடுத்த கை, இப்போது தனக்கே எழுதிக்கொள்கிறது.

கிராண்ட்பாஸைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. போர்த்துக்கீசர் காலத்தில் களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை இது. பிறகு படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலம் வந்தது. 1895இல் இரும்பில் விக்டோரியா பாலம் வந்தது. மழைக்காலச் செய்தியில் நாகலகம் வீதி நீர்மட்டம் இத்தனை அடி என்று வாசிப்பார்களே, அது எங்கள் பக்கத்து அளவுகோல். கண்டி வீதியால் வரும் சரக்கு நகரத்துக்குள் நுழையும் வாசல் என்பதால் பண்டசாலைகளும் ஆலைகளும் லொறிகளும் இங்கே நிறைந்தன. தமிழர், சோனகர், மலாயர், சிங்களவர் என்று ஒரே முடுக்கில் நாலு பாஷை. புத்தகத்துக்குப் பெயர்போன இடமல்ல. புத்தகம் என்றால் செட்டியார் தெருப் பக்கம் போக வேண்டும். ஆனால் கொழும்பில் வெளிவந்த தமிழ் நாவல்களில் பெரும்பங்கு ஒரு காலத்தில் இந்த லொறிப் புகைக்குள்தான் அச்சானது.

வீரகேசரியைத் தொடங்கியவர் ஆவணிப்பட்டி பெ.பெரி. சுப்பிரமணியம் செட்டியார். முதல் இதழ் 1930 ஆகஸ்ட் 6 அன்று வந்தது. லேக் ஹவுஸின் தினகரன் வர இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. தொடக்கத்தில் அது இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பத்திரிகை. செட்டியார் தெருவின் வியாபாரிகளும், தோட்டத்துக் கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் ஊர்ச்செய்திக்காக வாங்கியது. ஆசிரியர்களும் அங்கிருந்தே வந்தார்கள். மணிக்கொடி வ.ரா.கூட முப்பதுகளில் கொஞ்சக்காலம் இங்கே ஆசிரியராக இருந்தார். அதே காலத்து இன்னொரு ஆசிரியர் எச். நெல்லையா. பத்திரிகை விற்க வேண்டுமென்றால் தொடர்கதை வேண்டும் என்று கண்டு தானே எழுதத் தொடங்கிய மனிதர். 'காந்தாமணி அல்லது தீண்டாமைக்குச் சாவுமணி', 'சோமாவதி அல்லது இலங்கை இந்திய நட்பு' என்று தலைப்பிலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுவார். பின்னால் கே.வி.எஸ். வாஸ் 'ரஜனி' என்ற பெயரில் மர்மக் கதைகளை எழுதிக் குவித்தார். அவருடைய 'குந்தளப் பிரேமா'வை எங்கள் அப்பா கிட்டத்தட்ட மனப்பாடமாகச் சொல்வார். அப்பாவுக்கு ஐந்தாம் குறுக்குத் தெருவில் அரிசிக் கடைக் கணக்கு வேலை. பகல் முழுக்க மூட்டைக் கணக்கு, இரவில் ரஜனி. இலக்கிய வரலாறு எழுதியவர்கள் இந்தக் கதைகளை ஒரு பந்தியோடு தாண்டிப் போவார்கள். குறை சொல்ல முடியாது, நானும் முயன்று பார்த்தேன், ஐம்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஆனால் செய்தித்தாளைக் கையில் எடுப்பவரையே நாவலுக்கும் இழுக்கலாம் என்ற வித்தை அந்தக் கட்டடத்துக்கு அப்போதே பிடிபட்டிருந்தது. அதுதான் பின்னால் உதவியது.

அம்மாவின் வாசிப்பு வேறு. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டிக் கிராண்ட்பாஸுக்கு வந்தவள். கல்கி, ஆனந்த விகடன், கலைமகள் எல்லாம் கப்பலில் வந்து கடையில் தொங்கிய காலம். ஒரு வீட்டில் ஒன்றை வாங்கி நாலு வீடு வாசிக்கும். தொடர்கதைப் பக்கங்களைப் பிய்த்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழைய கலண்டர் மட்டையை மேலே ஒட்டி 'பைண்ட்' பண்ணி வைப்பாள். எங்கள் வீட்டு நூலகம் அதுதான். அதில் தஞ்சாவூர் இருந்தது, மதுரை இருந்தது, மயிலாப்பூர் மாமிகள் இருந்தார்கள். பண்டாரவளை இல்லை. அம்மாவுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. கதை என்றால் அப்படித்தான், கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பதுதான் கதை.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம் என்று பேசத் தொடங்கியது. தென்னிந்தியச் சஞ்சிகைகள் இப்படிக் கொட்டுப்பட்டால் இங்கே எழுதுகிறவன் எங்கே போவான் என்று கேட்டது. நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் ஈழத்து எழுத்தாளர் ஒரு புத்தகம் போடுவதென்றால் பெண்சாதியின் சங்கிலி அடகுக்குப் போக வேண்டும். ஆயிரம் பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியை ஒரு கடை முதலாளிக்குக் கொடுத்து, மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடுக்குவதுதான் வழமை. யாழ்ப்பாணத்தில் வந்த புத்தகம் மட்டக்களப்புக்குப் போகாது, அட்டனில் வந்தது மன்னாருக்குப் போகாது. எழுத்தாளர் தன் தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால்தான் உண்டு.

ஆனால் கதவை மூடியது இலக்கிய வாதமல்ல, வெறுங் கஜானா. 1970 மே மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி பதவிக்கு வந்தது. வெளிநாட்டுச் செலாவணி இல்லை. துணி கூப்பனுக்கு, சீனி அளந்து, அரிசி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகத் தடை. விடியமுன் எழும்பிச் சங்கக்கடையில் பாணுக்கு வரிசையில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த இறுக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் வடிகட்டப்பட்டது. தமிழ் இலக்கியத்தின் மேலுள்ள பாசத்தால் அரசு செய்தது என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். பாணுக்கும் பாசத்தால்தானா கட்டுப்பாடு வந்தது? அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கலாம், கதை பாதியில் நிற்கிறதே என்று புலம்பினாள்.

அந்த வெற்றிடத்தில்தான் 185 ஆம் இலக்கம் வேலை செய்தது. அவர்களிடம் அச்சகம் இருந்தது. பத்திரிகைத் தாள் இருந்தது, அதுவும் அளவாகத்தான். எழுத்தாளர் பெயரெல்லாம் ஞாயிறு இதழ்க் கோப்பில் இருந்தது. விளம்பரத்துக்குச் சல்லிக்காசு செலவில்லை, சொந்தப் பத்திரிகையிலேயே போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஊரிலும் பத்திரிகை முகவர் இருந்தார். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுபதுகளின் ஈழத்து நாவல் எழுச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் எழுத்தாளர்களின் திறமையைச் சொல்வார்கள், விமரிசகர்களின் வழிகாட்டலைச் சொல்வார்கள், தடையைச் சொல்வார்கள். பார்சலைச் சொல்ல மாட்டார்கள்.

இரவுப் பதிப்பு முடிந்ததும் கட்டுக்கட்டாகப் பத்திரிகை கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் போகும். யாழ்ப்பாணத்துக்கு ஒரு தபால் வண்டி, பதுளைக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று. விடியற்காலையில் அந்தந்த ஊர் முகவர் சைக்கிளோடு ஸ்டேஷனில் நிற்பார். சிலருக்குப் புத்தகக் கடை, பலருக்குத் தேத்தண்ணிக் கடையோ சலூனோ பலசரக்குக் கடையோ. நாவல் வந்தால் அதே கட்டோடு சேர்ந்து போகும். விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். கையில் காசில்லாத முகவருக்கும் பயமில்லாத ஏற்பாடு. தலவாக்கலையில் வேலை முடிந்து இறங்கி வரும் ஒருவர், முடி வெட்டக் காத்திருக்கும்போது நெடுந்தீவைப் பற்றிய நாவலை வாங்கிக்கொண்டு போக முடிந்தது இப்படித்தான். புத்தகக் கடையின் படியேற அவர் கூச்சப்பட்டிருப்பார்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே சூத்திரம்தான் வேலை செய்திருக்கிறது. 1935இல் இலண்டனில் அலன் லேன் ஆறு பென்ஸுக்குப் பென்குவின் புத்தகங்களைக் கொண்டுவந்தபோது புத்தகக் கடைக்காரர் முகம் சுளித்தார்கள். ஊசி, சோப்பு, கோப்பை விற்கும் வுல்வேர்த் கடைகள் 63,500 பிரதிக்கு ஓடர் கொடுத்துத்தான் அது பிழைத்தது. தமிழ்நாட்டில் 1969இல் அகிலனின் 'பொன்மல'ரோடு தொடங்கிய ராணி முத்துவும் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கித்தான் வீடு வீடாகப் போனது. கிராண்ட்பாஸ்காரருக்கு வுல்வேர்த்தும் இல்லை, பெட்டிக்கடை வலையும் இல்லை. இரவு ரயில் இருந்தது.

தொடக்க காலத்து வெளியீடுகளில் என் கையில் இருப்பது 1971இல் வந்த 'கதைக்கனிகள்'. நாவல் அல்ல, மலையக எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுதி. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய போட்டிகளில் பரிசு பெற்றவை. இதற்குப் பின்னால் எஸ்.எம். கார்மேகம் இருந்தார். வீரகேசரியில் 'தோட்ட மஞ்சரி' பகுதியை நடத்தி, தோட்டத்துப் பிள்ளைகளை எழுதவைத்த பத்திரிகையாளர். 'ஒரு நாளிதழின் நெடும்பயணம்' என்று வீரகேசரியின் கதையை எழுதியவரும் அவரே. கடந்த மாதங்களில் நான் மிக ரசித்து வாசித்த புத்தகம் அதுதான். ஒரு நிறுவனத்துக்குள்ளே இருந்து எழுதும்போது வழமையாக வரும் முதலாளி துதியைத் தாண்டியும், அதில் ஒரு செய்தி ஆசிரியரின் கண் இருக்கிறது.

பிறகு மளமளவென்று வந்தன. 1973இல் மட்டும் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', தெணியானின் 'விடிவை நோக்கி'. அடுத்த சில வருடங்களில் பாலமனோகரனின் 'குமாரபுரம்', கே. டானியலின் 'போராளிகள் காத்திருக்கின்றனர்', வை. அஹ்மதின் 'புதிய தலைமுறைகள்', தி. ஞானசேகரனின் 'புதிய சுவடுகள்', 'குருதிமலை'. திருகோணமலையிலிருந்து ந. பாலேஸ்வரி எழுதினார். வீரகேசரியிலேயே பணியாற்றிய அன்னலட்சுமி இராஜதுரையின் 'உள்ளத்தின் கதவுகள்' வந்தது. எல்லாமே தங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. பாதிக்குமேல் இன்றைக்கு வாசிக்க ஓடாது. பணக்காரப் பெண்ணும் ஏழைப் பெடியனும், இருமி இருமிச் சாகும் தாயும், கடைசி அத்தியாயத்தில் மன்னிப்பும். தமிழ்நாட்டுச் சஞ்சிகையை நிறுத்தினாலும் அதன் அச்சு எங்கள் எழுத்தாளர் சிலரின் தலைக்குள் அப்படியே இருந்தது. பத்திரிகைக்காரருக்கு விற்பனையும் வேண்டும், ஆகவே அட்டையில் பெரிய கண்களோடு ஒரு பெண் கட்டாயம் இருப்பாள், உள்ளே கதை கடற்றொழிலாளர் போராட்டமாக இருந்தாலும்.

என்னிடம் உள்ள 'நிலக்கிளி'ப் பிரதியை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் எடுத்தேன். தாள் தேத்தண்ணிச் சாயமாகிவிட்டது. ஓரத்தை மடித்தால் மடித்த இடத்திலேயே முறிகிறது. முதுகில் அடித்த கம்பி துருவேறி, நடுப் பக்கங்களில் இரண்டு கபிலப் புள்ளி. உள்ளே ஏதோவொரு ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஊதா முத்திரை. ஊர்ப் பெயர் இருந்த பாகம் அழிந்துவிட்டது, 'வாசிகசாலை' என்ற சொல் மட்டும் தெளிவாக நிற்கிறது. திருப்பித் தர வேண்டிய திகதிகள் பென்சிலால் வரிசையாக. இடைவெளியில்லாமல் ஒரு வருடம் முழுக்க அந்தப் புத்தகம் கைமாறியிருக்கிறது. யாரோ ஒருவர் பதஞ்சலி அழும் பக்கத்தின் ஓரத்தில் 'பாவம்' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, 'கதைதானே'.

நாவல் நடப்பது முல்லைத்தீவுக் காட்டில், தண்ணிமுறிப்புக் குளத்தடியில். கதிராமன் காட்டையும் வேட்டையையும் அறிந்தவன். பதஞ்சலியைக் கட்டியதற்காகத் தகப்பன் கோணாமலையர் அவனை ஒதுக்கிவிடுகிறார். இரண்டு பேரும் காட்டை வெட்டித் தங்களுக்கென்று ஒரு துண்டு நிலத்தை ஆக்குகிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு சுந்தரலிங்கம் என்ற இளம் வாத்தியார் வருகிறார். பிறகு ஒரு புயல் இரவு. அதற்கு மேல் சொல்லக் கூடாது, வாசிக்காதவர்கள் வாசிக்க வேண்டும். தண்ணீரூற்றில் பிறந்த பாலமனோகரனுக்கு அந்தக் காடு சுற்றுலாப் பயணியின் காடு அல்ல. எந்த மரத்தை வெட்டினால் எந்தப் பக்கம் விழும், எந்த மிருகம் எந்த நேரம் தண்ணிக்கு வரும் என்பது கதையோடு கதையாக வருகிறது. அழகான வர்ணனைக்காக ஒரு வரியும் நிற்கவில்லை. நாவலுக்குச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது.

அம்மா இந்த நாவலைக் கல்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எடுத்தாள். அவளுக்கு வன்னி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வாசித்து முடித்துவிட்டு, “அந்த வாத்திய மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்” என்று சொன்னாள். பல வருடம் கழித்து எனக்கு ஆசிரிய நியமனக் கடிதம் வந்த நாளிலும் அதையே எடுத்துச் சொன்னாள்.

கதை நடந்த தண்ணிமுறிப்பின் பின்கதை நாவலில் இல்லை, இருக்கவும் முடியாது. 1984 டிசெம்பரில் அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டன. மக்கள் வெளியேற்றப்பட்டுப் பல பத்தாண்டு திரும்ப முடியவில்லை. இப்போது அருகிலுள்ள குருந்தூர்மலைப் பிரச்சினை செய்தியில் வரும்போதெல்லாம் தண்ணிமுறிப்பின் பெயரும் கூடவே வருகிறது. அங்கே யார் இருந்தார்கள், எதைப் பயிரிட்டார்கள் என்று கேட்பவர்களுக்கு ரயில் பார்சலில் போன ஒரு நாவல் சாட்சியாக நிற்கிறது. எழுதியவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

மலையகப் பக்கத்துக் கதைகளை அம்மா வேறு மாதிரி வாசித்தாள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' முதலில் 1964இல் தமிழ்நாட்டில் வந்தது. வீரகேசரி அதைத் திரும்பப் போட்ட பிறகுதான் இங்குள்ள சாதாரண கைகளுக்கு எட்டியது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வரும் குடும்பம், அதில் வள்ளி. அம்மாவுக்கு அது கதையே அல்ல. தன் ஆச்சியின் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றாள். வீரகேசரிப் பதிப்பு வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் எழுதிய ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஆட்களைப் பங்கு பிரித்திருந்தார்கள். எழுபதுகளில் தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் இரண்டு அண்ணன்மாரும் அப்படிக் கப்பல் ஏறினார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம், தோட்டங்கள் அரசுடைமை. லயத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் நகரங்களில் பிச்சை எடுத்ததைக் கிராண்ட்பாஸிலும் கண்டோம்.

அந்தப் பின்னணியில்தான் 'குருதிமலை'யை வாசிக்க வேண்டும். எழுதிய தி. ஞானசேகரன் தோட்ட வைத்தியர். காணியைப் பறிக்க வந்தவர்களும் அதை எதிர்த்து எழுந்த தொழிலாளரும் அவருக்குச் செய்தித்தாளில் கண்டவர்கள் அல்லர், மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் அந்தக் கொதிப்பு நாவலாக வந்தது. நாவல் சில இடங்களில் மேடைப் பேச்சாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் லயத்துக்குள் இரவு என்ன சத்தம் கேட்கும், துண்டுக் கணக்கில் எப்படிக் கழிப்பார்கள் என்பது பற்றி அவர் எழுதும்போது எதிர்க்கேள்வி கேட்க முடியாது.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை நாவலுக்குள் வன்னி இருக்கிறது, தீவுப்பகுதி இருக்கிறது, மலையகம் இருக்கிறது, வாழைச்சேனை இருக்கிறது. கொழும்பு வந்தால் அது வேலைதேடி வருபவன் ஏமாறும் ஊர். அச்சு யந்திரம் ஓடிய முடுக்கையும், அதற்கு முன்னால் மூட்டை சுமந்த நாட்டாமைமாரையும், இரவு ஷிஃப்ட் முடிந்து ஆமர் வீதியில் முட்டைரொட்டி சாப்பிட்டவர்களையும் கதையாக்கியவர் அபூர்வம். கிராண்ட்பாஸ் எல்லா ஊரின் கதையையும் அச்சடித்தது. தன் கதையை எழுதத் தனக்கு நேரமில்லை என்பதுபோல இருந்துவிட்டது. பிரதேச நாவல் என்று கொடி பிடித்த விமரிசகர்களுக்கும் ஒரு முடுக்கும் பிரதேசம்தான் என்று தோன்றவில்லை.

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன வந்தார், திறந்த பொருளாதாரம் வந்தது. சீனி வந்தது, நைலோன் சேலை வந்தது, கப்பலில் குமுதமும் விகடனும் ராணி முத்துவும் வந்தன. அம்மா பழைய சிநேகிதியைக் கண்டவள்போல வாங்கினாள். ஆனால் முன்புபோல ஒன்றுவிடாமல் வாசிக்கவில்லை, இதில் நம்ம பக்கத்து ஆட்கள் யாரையும் காணோமே என்றாள். சந்தை அம்மாவைக் கேட்டு நடக்குமா? தாளின் விலை ஏறியது, வீரகேசரி பிரசுரங்கள் இடைவெளி விட்டு வந்து, எண்பதுகளில் ஓய்ந்தன. 1978இல் 'வாடைக்காற்று' பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் திரைப்படமாக வந்ததுதான் அந்த அலையின் உச்சம் என்று சொல்லலாம். அதே வருடம் நா. சுப்பிரமணியம் 'ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்' என்று ஆய்வு நூல் எழுதினார். ஆராயும் அளவுக்கு நாவல் சேர்ந்திருந்தது என்பதே அந்தப் பத்தாண்டின் கணக்கு.

1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் முடுக்கிலும் தீ வந்தது. அம்மா தைத்த கல்கித் தொடர்களும் பிரசுரங்களும் ஒரே தீயில் போயின. கொழும்பில் எத்தனையோ வீட்டு அலமாரிகளுக்கு அதே கதி. இதற்கு இரண்டு வருடம் முன்பு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்ததை உலகம் எழுதியது. தேத்தண்ணிக் கடையில் வாங்கிய நாவல்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. மலிந்த தாளில் வந்ததால் மிச்சப்பட்டவையும் தானாகவே உதிர்ந்தன. இன்று அவற்றை வாசிக்கக் கூடியதாக இருப்பதற்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள், முத்திரையும் பென்சில் கோடும் சேர்த்து. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் சில பிரதிகள் கிடைக்கும். போவதற்கு 57ஆம் ஒழுங்கையில் நடக்க வெயில்தான் தடை.

இனி என் லீவுத் திட்டம். புது வருடத்துக்கு முதல்நாள் 'குமாரபுர'த்தைத் தொடங்குவேன். 'நிலக்கிளி'க்குப் பின் பாலமனோகரன் எழுதியது, இளம் வயதில் அவசரமாக வாசித்துத் தாண்டியது. அதற்குப் பிறகு டானியல். அவருடைய 'பஞ்சம'ரைப் பற்றி எல்லாரும் பேசிப் பேசி 'போராளிகள் காத்திருக்கின்றன'ரை மூலையில் தள்ளிவிட்டார்கள், அது சரியா என்று பார்க்க வேண்டும். தங்கச்சியின் மகள் கனடாவிலிருந்து வருகிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்கு 'கதைக்கனிக'ளில் சின்னக் கதையாக ஒன்றை நான் வாசித்துக் காட்டுவதாகப் பேச்சு. அவளும் பதிலுக்கு அவளுடைய புத்தகம் ஒன்றை எனக்குச் சொல்வாளாம், டிராகன் கதையாம். சரி என்றிருக்கிறேன்.

'வாடைக்காற்'றை மட்டும் டிசெம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். வாடை வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டு மீன்பிடிக்க வருபவர்களின் கதை அது. ஏப்ரல் புழுக்கத்தில் கிராண்ட்பாஸில் மின்விசிறிக்குக் கீழே இருந்து வாசித்தால் ஒட்டாது. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கே போய் வாசிப்பதாக யோசனை. டிசெம்பரில் கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள் என்று மகள் பயமுறுத்துகிறாள். விடாவிட்டால் புங்குடுதீவில் தெரிந்தவர்கள் வீடு இருக்கிறது, அங்கேயே இருந்து வாசித்து முடித்துவிட்டு வருகிறேன்.